குளத்தைத் தாண்டிய ஈட்டிக்காரர்

எங்கள் ஹாபாலம்பி ஊரில் பிறந்த ஆண்கள் அனைவரும் தம்மை ஈட்டியெறி வீரர்களாகவே கருதிக்கொள்வர். பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஔலிஸ், ஐம்பது வயதைக் கடந்தும் அந்தக் கருத்தைக் கைவிடாதவர். தட்டைச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் எறியும் டிஸ்க் கோல்ஃப் திடலிலும் தொலைவிலிருந்து ஓடி வருவார். கால்களைக் குறுக்காக மாற்றி வைப்பார். தட்டை விடும்போது காடு அதிரக் கத்துவார். தட்டோ சங்கிலிக்கூடையை நோக்கிச் செல்லாமல் வலப்பக்கம் கவிழ்ந்து குளத்தில் இறங்கிவிடும்.

அவர் மனைவி ஓர்வொக்கி பேருந்து ஓட்டுநர். எங்கள் அணியின் தலைவியும் அவரே. பக்கத்து ஊருடன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஔலிஸ் அதற்கு ஏங்கினார். சனிக்கிழமைக்குள் குளத்தைத் தாண்டி எறிந்தால் இடம் உண்டு என்று தலைவி அறிவித்தார். எறியக் கற்றுக்கொடுக்கும் வேலையோ மனைவியின் தலையில் விழுந்தது.

"முதுகைக் கூடைப்பக்கம் திருப்பு. தட்டை நெஞ்சுக்குப் பக்கத்துல இழு. மெதுவா ஆரம்பி."

"மெதுவா எறிஞ்சா எப்படிப் போகும்?"

"வேகமா எறிஞ்சு எங்க போச்சு? குளத்து மீனுக்கெல்லாம் ஆளுக்கொரு தட்டு கெடைச்சாச்சு."

"கத்தலைன்னா எனக்குக் கையே வர மாட்டேங்குது, ஓர்வொக்கி."

"கத்தினா மட்டும்? கரடிதான் ஓடுது. தட்டு ஓடலை."

சனிக்கிழமை மாலை இருவரும் வலை விரிக்க ஏரிக்குப் போனார்கள். அவர்களுடைய பழைய படகு மோட்டார் ஔலிஸின் கைக்கு மட்டுமே இணங்கும். அவர் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை மெல்ல இழுத்து, இறுக்கம் கிடைத்ததும் நெஞ்சை ஒட்டி ஒரே வீச்சாக முழங்கையைப் பின்னுக்கு வாங்கினார். மோட்டார் உறுமியது.

"ஏன் அவ்வளவு பொறுமையா ஆரம்பிக்கிறே?" என்று ஓர்வொக்கி கேட்டார்.

"எடுத்ததும் வெடுக்குனு இழுத்தா கயிறு அறுந்துடும். மொதல்ல பிடி கெடைக்கணும், அப்புறந்தான் வேகம். இது கூடத் தெரியாதா உனக்கு?"

ஓர்வொக்கி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. "ஒரு வாரமா தொண்டை வத்த இதைத்தானே மனுஷா சொல்லிட்டிருக்கேன்!"

"நீ தட்டுன்னு சொன்னே. மோட்டார்னு சொல்லவே இல்லையே."

வலை விரிக்காமலே படகு திரும்பியது. திடலில் புல் வெட்டிக்கொண்டிருந்த நாங்கள், ரப்பர் காலணியோடு வந்து நின்ற ஔலிஸைப் பார்த்தோம். அவர் ஓடவில்லை. குளத்துக்கு முதுகைக் காட்டி, மோட்டாரிடம் வழக்கமாகச் சொல்வதைத் தட்டிடமும் முணுமுணுத்தார்: "வா கண்ணு, அடம் பிடிக்காம வா." பிறகு தட்டை நெஞ்சை ஒட்டி இழுத்து விட்டார்.

தட்டு தாழப் பறந்து, நீரைக் கடந்து, அக்கரைப் புல்லில் அமர்ந்தது. ஔலிஸ் தலைவியின் முகத்தையே பார்த்தார்.

"மோசமில்லை," என்றார் ஓர்வொக்கி. "நாளைக்குக் காலையில ஒழுங்கான காலணி போட்டுட்டு வா."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. திருமணத்தன்று புதுக் கோட்டில் வந்து நின்ற ஔலிஸுக்கும் ஓர்வொக்கி அவ்வளவுதான் கொடுத்தார். தட்டை எறியும்போது அடக்கி வைத்திருந்த கத்தலை ஔலிஸ் இப்போதுதான் விட்டார். அக்கரை வாத்துகள் மொத்தமாக எழுந்து பறந்தன.