மாடத்தியும் உதறும் ஃபியட்டும்

மாடத்திக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அது ஒரகடத்துக் கார் கம்பெனிகள் கொடுத்த வியாதி. லைனில் ஐம்பத்தைந்து விநாடிக்கு ஒரு கார் வரும். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட்டில் இரண்டு போல்ட்டை அவள் கன் மெஷினால் இறுக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் அந்தக் காருக்கும் அவளுக்கும் உறவு அறுந்தது. சுங்குவார்சத்திரத்து அறையில் அவள் சோறு தின்கிற வேகத்தைப் பார்த்து, கூடத் தங்கியிருக்கும் கனகலட்சுமி, "ஏட்டி, பின்னால அடுத்த கார் வருதா?" என்று கேலி செய்வாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருஷம். அதற்குள் ஐந்து கம்பெனி. ஏழு மாதம், பதினொரு மாதம், மறுபடி ஏழு மாதம் என்று துண்டு துண்டாக வேலை, நடுநடுவே சும்மா இருந்த மாதங்கள் வேறு. போன வெள்ளிக்கிழமை ஐந்தாவது கம்பெனியும் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. அவளுக்கு அலுத்துவிட்டது. பின்னே, அலுக்காதா!

அதனால்தான் பிள்ளைப்பாக்கத்தில் பழைய கார்களைச் சரிசெய்கிற பிரசன்னாவின் ஷெட்டில் போய் நின்றாள். அவன் அறுபதுகளின் ஃபியட் ஒன்றைக் காட்டினான்.

"எஞ்சின்லாம் பக்காவா கீது. ஆனா ஸ்டார்ட் பண்ணா வண்டியே உதறுது. மவுண்ட்டு போயிடுச்சி. அஞ்சு மணிக்கு ஓனர் திருமலை சார் வந்துடுவாரு. அதுக்குள்ள உதறல நிறுத்திட்டீன்னா இங்க உனக்கு வேலை. இல்லாங்காட்டி நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"செய்யுதேன்ணே."

சொல்லிவிட்டாள். ஆனால் லைனில் சரியான பாகம் தானாகக் கைக்கு வரும். இங்கே ஒரு சாக்கு நிறைய ரப்பர் மவுண்ட், எல்லாம் ஒரே அச்சு மாதிரி. ஜாக்கி மேல் பலகை வைத்து எஞ்சினைத் தூக்கி அவள் கழற்றிய பழையவை எண்ணெயில் ஊறி நசுங்கிக் கிடந்தன. அவற்றின் உயரத்தை நம்ப முடியாது. அவற்றின் இரும்புத் தட்டிலிருந்த துளைகளைச் சாக்கிலிருந்த ஒவ்வொன்றோடும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். பொருந்தியவற்றைக் கட்டைவிரலால் அழுத்தி, கல்லாகிப்போனவற்றைத் தூக்கிப் போட்டாள். மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி.

ஜாக்கியில் தொங்கிய எஞ்சினில் அந்த ஜோடியை மாட்டி, நாலு போல்ட்டையும் நரம்பு புடைக்க இறுக்கினாள். அப்புறம் ஜாக்கியை இறக்கினாள். பழக்கதோஷம், பச்சை விளக்கைத் தேடியது கண்.

பிரசன்னா சாவியைத் திருப்பினான். கார் முன்னைவிட மோசமாக உதறியது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு மணியைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து போன். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் தமிழ்வாணன்.

"நாளைக்கு ஆறு மணி ஷிப்ட், ஏழு மாசம். வர்றியா இல்லியா? க்யூல பத்து பேர் நிக்கிறாங்க."

"அஞ்சு மணிக்குச் சொல்லுதேன்."

"நாலரை. அதுக்கு மேல நீ பேசாத."

மணி மூன்றே முக்கால். அவள் வாசலுக்கும் காருக்குமாக நடந்தாள். பேசாமல் சரி என்று சொல்லித் தொலைக்கலாமா? அந்த ஏழு மாதம் முடிந்தால் மறுபடி யார் வாசலில் போய் நிற்பது? நாலாவது நடையில் ஜாக்கி காலில் இடித்தது. "அட மூதேவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். லைனில் எஞ்சின் அதன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளிடம் வரும். இறுக்குவது ஒன்றுதான் அவள் வேலை. இங்கே எஞ்சின் ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறாள். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டது.

நாலு போல்ட்டையும் தளர்த்தி, பிரசன்னாவிடம் எஞ்சினை ஓடவிடச் சொன்னாள். அது ஆடியது, நகர்ந்தது, மறுபடி ஆடியது. கை பரபரத்தது. ஸ்பேனரைப் பிரசன்னாவிடம் நீட்டினாள்.

"இதப் பிடிங்கண்ணே. எஞ்சின் தானா உக்காரட்டும். நான் கேட்டாலும் இப்ப தராதீங்க."

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கால் மாற்றி மாற்றி நின்றாள். நாலரைக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

எஞ்சின் ஒருவழியாக அமர்ந்தது. அணைத்துவிட்டு, ஸ்பேனரை வாங்கி, ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

பிரசன்னா மறுபடி சாவியைத் திருப்பினான். ஸ்டீயரிங் ஆடவில்லை. பக்கக் கண்ணாடியில், பின்னால் சாலையில் நின்ற பஸ் அசையாமல் தெரிந்தது.

"செம! நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடு" என்றான்.

மாடத்தி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எத்தன மாசத்துக்குண்ணே?"

"இன்னா மாசம்?"

"இல்ல, எந்தத் தேதியோட முடியும்?"

"எது முடியும்? வேலைக்கு வான்னா வா. முடியற தேதிலாம் எனக்கு இன்னா தெரியும்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிற மாதிரி தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள்.