சிட்லபாக்கத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஓர் எலுமிச்சம்பழம்

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் அருவியோ மலையோ பார்க்கக் கிளம்புகிறவர்கள். நான் 1992 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதும் என்று சொல்லும் மனிதர் ஒருவரைப் பார்க்கச் சிட்லபாக்கம் போனேன். அந்த இனம் சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது அப்போது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஜேக்கப். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. பண்டிகை முன்பணத்துக்கு நாங்கள் எல்லோரும் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, "எனக்கு வேணாம் சார், இருக்கறது போதும்" என்றார். அலுவலகம் கலங்கிவிட்டது. அவர் நிர்வாகத்தின் ஆள் என்றார் சங்கச் செயலாளர். மனைவி பேரில் எங்கோ நிலம் இருக்கிறது என்றார் காசாளர். "கர்த்தர் பாத்துக்கறார் சார்" என்று ஜேக்கப்பே சொன்ன காரணத்தை மட்டும் யாரும் பரிசீலிக்கவில்லை. நானும் நம்பவில்லை, ஆனால் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. சபையில் அறுப்பின் பண்டிகை வருகிறது, சாப்பிட வாருங்கள் என்று அவரே அழைக்கவும் கிளம்பிவிட்டேன்.

மாம்பலத்தில் காலை 7.10 மின்ரயில். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கும்போது 7.40. டிக்கெட் இரண்டு ரூபாய். சட்டைப்பையில் தனியாக இருநூறு ரூபாய் வைத்திருந்தேன். அது கைக்கடிகாரத்துக்கு. திரும்பும் வழியில் தி.நகரில் வாங்குவதாகத் திட்டம். என்னிடம் ஏற்கெனவே இருந்த கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷனிலிருந்து ஜேக்கப் வீடு ஒன்றரை கிலோமீட்டர். முந்தின நாள் மழை. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஐந்து ரூபாய் கேட்டார், நான் மூன்று என்றேன்.

"இன்னா சார், ஏரிக்கரை ரோடு பூரா தண்ணி கீது. நீந்திக்கினு போறதுக்கே நாலு ரூபா ஆவும்."

நான்கு ரூபாய்க்கு முடிந்தது. எங்கே போகிறேன் என்று தெரிந்ததும் அவர் கவலைப்பட்டார். "மாதாக்கோயில் ஏலமா? ஒண்ணும் வாங்கிடாத சார், பேஜாரு. போன வருசம் ஒத்தக் கத்திரிக்கா இருபது ரூபாக்குப் போச்சு. எல்லாம் படிச்சவங்கோ, மார்க்கெட்டு வெல தெரியல பாரு!"

புதியவர்களுக்காக: அறுப்பின் பண்டிகையன்று சபையார் தங்கள் விளைச்சலில் முதலானதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வயல் வைத்திருந்த காலத்தில் நெல், வாழைத்தார். புறநகரில் வயல் ஏது? எனவே தேங்காய், கேக், நாற்காலி, கோழி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். வாங்குவதும் காணிக்கைதான், அதனால் விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது.

ஜேக்கப் வீட்டு வாசலில் அவர் மனைவி ஸ்டெல்லா கலங்கிய முகத்தோடு நின்றிருந்தார். காணிக்கைக்கென்று புதிதாக ஒரு மடக்கு நாற்காலி வாங்கிப் போர்டிகோவில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஜேக்கப்பின் சாய்வு நாற்காலி. தேக்குச் சட்டம், கோடு போட்ட துணி, இருபது வருடப் பழக்கம். சனிக்கிழமை இவர்கள் தாம்பரம் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் சபை வாலிபர் சங்கத்தினர் மூன்று சக்கர வண்டியோடு வந்து, பழைய நாற்காலியை எடுத்துப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காணிக்கை என்றால் சபையார் எதைக் கொடுப்பார்கள் என்பதில் அவர்களுக்குப் பல வருட அனுபவம் இருந்தது.

"ஏங்க, புதுசைக் குடுத்துட்டு நம்மளதை வாங்கிட்டு வந்துடுங்க. அதுல உக்காராம உங்களுக்கு ஞாயித்துக்கெழமையே விடியாது" என்றார் ஸ்டெல்லா.

"வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் ஜேக்கப். குரலில் அவசரம் இருந்தது. அவ்வளவு தூரம் வந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்ததை மறைக்கவில்லை. போதும் என்கிற மனிதருக்கும் நாற்காலி வேண்டியிருந்தது.

சைக்கிள் கேரியரில் புது நாற்காலியைக் கட்டி, ஆலயம் வரை அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனோம். பீடத்தின் முன்னால் பொருள்களுக்காக ஆயர் ஜெபித்து முடித்திருந்தார். பூசணிக்காய்களுக்கு நடுவே சாய்வு நாற்காலி உட்கார்ந்திருந்தது. ஜேக்கப் வாலிபர் சங்கச் செயலாளர் டேனியலின் காதருகே போய், "டேனி, ஒரு சின்ன விஷயம்பா" என்று ஆரம்பித்தார். டேனியல் அவர் கையில் இருந்த நாற்காலியைப் பார்த்தார். விஷயத்துக்குக் காத்திருக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "நம்ம ஜேக்கப் சார் இந்த வருஷம் ரெண்டு நாற்காலி குடுக்கறாங்க!" என்றார். முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

ஜேக்கப் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லலையா சார்?"

"எப்படிச் சொல்றது? ஜெபம் பண்ணியாச்சு, கைதட்டியாச்சு."

அன்றைய பிரசங்கம் போதுமென்ற மனதைப் பற்றி. நாற்பது நிமிடம். ஜேக்கப் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

ஏலம் 10.30க்கு ஆலய வளாகத்தில். புது நாற்காலி அறுபது ரூபாய்க்குப் போனது. சாய்வு நாற்காலிக்கு முதலில் ஐம்பது கேட்டவர் ஜேக்கப்தான். கொடுத்தவரே கேட்டதும் கூட்டம் சிரித்தது. ஆனால் சாமுவேல் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு சிரிக்கவில்லை. முப்பது வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் குலுங்கியதில் அவர் முதுகு போய்விட்டிருந்தது. எழுபது, எண்பது, நூற்றிருபது என்று இருவரும் ஏறினார்கள். ஜேக்கப் நூற்றைம்பது என்றார். சாமுவேல் நூற்று அறுபது.

ஜேக்கப் நின்றுவிட்டார்.

"கேளுங்க சார், பணம் அப்புறமா குடுத்துக்கலாம், ஓடியா போகப் போறீங்க?" என்றார் டேனியல்.

ஜேக்கப் தலையாட்டி மறுத்தார். பண்டிகைக்கென்று வருடம் முழுவதும் ஒரு உறையில் அவர் சேர்த்தது நூற்றைம்பது. அதற்கு மேல் போனால் அது காணிக்கை இல்லை, நாற்காலி ஆசை என்று பின்னால் சொன்னார். என் சட்டைப்பையில் இருநூறு ரூபாய் இருந்தது. கை அதைத் தொட்டது வரை உண்மை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கை வெளியே வரவில்லை.

அடுத்து ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. யாரோ ஒரு மூதாட்டியின் வீட்டு மரத்தில் காய்த்தது, ஒன்றே ஒன்று. டேனியல் இரண்டு ரூபாயில் ஆரம்பிக்கப் பார்த்தார்.

"நூத்தம்பது" என்றார் ஜேக்கப்.

யாரும் மேலே கேட்கவில்லை. ரிக்‌ஷாக்காரர் அங்கே இருந்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். எனக்கும் புரியவில்லை. "நாற்காலிக்காக எடுத்து வெச்ச பணமா சார் அது? கர்த்தருக்காக வெச்சது. அதைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, நாற்காலி கிடைச்சாத்தான் குடுப்பேன்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார் ஜேக்கப்.

மதியம் அவர் வீட்டில் கோழிக்குழம்பு. பிறகு அந்தப் பழத்தைப் பிழிந்து மூன்று தம்ளர் சாறு. ஒரு தம்ளர் ஐம்பது ரூபாய். நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு விலையுயர்ந்த பானம் குடித்ததில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல்.

தம்ளரோடு ஜேக்கப் போர்டிகோவுக்குப் போனார். வழக்கமான மூலையில், திரும்பிப் பார்க்காமல் உட்காரப் போனவர், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து வெக்காதீங்க! அங்கே இப்ப கர்த்தர்தான் இருக்காரு" என்றார் ஸ்டெல்லா உள்ளேயிருந்து.

நான் கேட்டேவிட்டேன். "வருத்தமா இல்லையா சார்?"

"ரொம்ப இருக்கு சார்."

நாலு மணிக்கு என்னை ஸ்டேஷனில் விட அவரும் நடந்து வந்தார். வழியில் சாமுவேல் வீடு. வராந்தாவில் அதே நாற்காலி. அதில் சாமுவேல் ஏறக்குறைய படுத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நாங்கள் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம்.

"வாங்கினதுல இருந்து முதுகு ஜாஸ்தியா வலிக்குது" என்றார் சாமுவேல்.

ஜேக்கப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு யோசனை ஓடியது. திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாமுவேல் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். ஜேக்கப்புக்கும் அது ஓடியிருக்க வேண்டும். ஆனால் தரையில் மண்டிபோட்டு, பின்சட்டத்தைத் தூக்கி, சாய்வைக் கூட்டிக் குறைப்பதற்கான பள்ளங்களில் கடைசி வெட்டிலிருந்து எடுத்து மூன்றாவது வெட்டில் பொருத்தினார்.

"இப்ப உக்காருங்க சார்."

சாமுவேல் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அந்த முகத்தைப் பார்த்தால் நூற்று அறுபது ரூபாய் குறைவு என்று தோன்றியது. "இவ்வளவு நல்ல நாற்காலியைக் குடுக்க எப்படி சார் மனசு வந்துச்சு?" என்றார்.

"வரல சார். இப்பதான் வந்துச்சு" என்றார் ஜேக்கப்.

ஸ்டேஷன் வரை அவர் சபைப் பாட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். சுருதி சேரவில்லை. நான் அன்றே தி.நகரில் இறங்கி, நூற்றெண்பது ரூபாய்க்குக் கடிகாரம் வாங்கினேன். நல்ல கடிகாரம். பத்து நாள் கழித்து, பக்கத்துக் கடையில் அதைவிட நல்லது ஒன்று தெரிந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: கட்டணங்கள் அந்தக் காலத்தவை, விசாரித்துக்கொள்ளுங்கள். பண்டிகை மழைக்காலத்தில் வரலாம், குடை அவசியம். ஏலத்துக்கு எவ்வளவு என்பதை வீட்டிலேயே முடிவு செய்து உறையில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் தனியாக எதுவும் வேண்டாம். சாய்வு நாற்காலி கிடைத்தால், பின்சட்டத்தை மூன்றாவது வெட்டில் வைக்கவும்.