ஆலா வராத நேரம்

பதினாறு வருடம் கடலைப் பற்றிப் பாடம் நடத்திய நான், கடலை நேரில் பார்த்தது இரண்டே தடவை. மலைநாட்டில் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கட்டுகஸ்தோட்டையில் குடியேறியவளுக்கு, உயர்தர வகுப்பில் புவியியல் படிப்பிக்க அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கரும்பலகையில் உலகப் படம் கீறி, சூடான நீரோட்டத்துக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம் என்று சோக்கால் அம்புக்குறி போட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்து எழுதுவார்கள். அந்த வகுப்பு என் சொத்து மாதிரி.

அப்போதுதான் கடற்கரை ஊரான மன்னாரிலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் அப்போது 'அவள்'தான்.

நான் லீவு எடுத்த ஒரு நாள் அவர் என் வகுப்புக்குப் போயிருக்கிறார். மறுநாள் நான் வரும்போது பிள்ளைகள் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துச் சுற்றி நின்றார்கள். நடுவில் இரண்டு செங்கல், இடையில் சின்ன வாசல். ஆசிரியர் அறையில் வடிகட்டிய தேயிலைச் சக்கையை அதில் மிதக்க விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்ற, வாசல் வழியாக நீர் பாய்ந்து, சக்கை முழுவதும் ஒரே வரியாகச் சேர்ந்தது. சின்ன மீன்களும் கடலில் இப்படித்தான் சிக்கும், ஆலாப் பறவை அந்த வரிக்கு மேல்தான் பறந்து குத்தி எடுக்கும், தண்ணீர் ஓடாமல் நின்றால் வராது என்று ஒரு மாணவி எனக்கே விளக்கினாள். என் வயிறு எரிந்தது. அதுவும் எங்கள் தேயிலையை வைத்து.

அதே வாரம் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் உயர்தர வகுப்ப மன்னார் டீச்சர்கிட்ட குடுத்துப் பாப்பமா? சிலாபம் சுற்றுலா முடியட்டும், பேசுவோம்" என்றார். களப்பு என்கிற உப்பங்கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஆலா இரை தேடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் அந்தச் சுற்றுலா. யோசனை மன்னார் டீச்சருடையது. பயண ஏற்பாடு என்னுடையது.

போனில் சிலாபத்தின் வற்றுப்பெருக்கு நேரம் பார்த்தேன். காலை எட்டரைக்குப் போனால் களப்பு நீர் கடலுக்கு வேகமாக வடிந்துகொண்டிருக்கும். பதினொரு மணிக்குப் போனால் வற்றி முடிந்து அசையாமல் கிடக்கும். பதினொன்றே முக்காலுக்குப் பிறகுதான் பெருக்கு உள்ளே ஏறும். பதினொரு மணியைத் தேர்ந்தெடுத்தேன். வெறும் கடலைப் பார்த்துவிட்டு, பெருக்கு ஏறுமுன்பே பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குருநாகலில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். பிறகு முன்னேஸ்வரம் கோயிலில், பரீட்சைக்காக ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் தனித்தனி அர்ச்சனை. சாமி கும்பிடப் போவதை யார் வேண்டாம் என்பார்? முஸ்லிம் பிள்ளைகள் பஸ்ஸிலேயே இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். மன்னார் டீச்சர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு பறவை இல்லை. தூரத்து மணல் திட்டில் மட்டும் வெள்ளையாகச் சில உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளின் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

"தண்ணி நிண்டுட்டுது பிள்ளையள். திரும்ப ஓடத் தொடங்கினா வரும்" என்றார் மன்னார் டீச்சர்.

"எத்தன மணிக்கு டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சரியாச் சொல்ல ஏலாதம்மா. எங்கட ஊர்க் கடல் எண்டாச் சொல்லுவன். இது எனக்குப் பழக்கமில்லை."

அவருக்குத் தெரியாத ஒன்று! பதினாறு வருட வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "பதினொன்னே முக்காலுக்கு" என்றேன். "அதுக்குப் பிறகு கடல் தண்ணி உள்ள ஏறும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் யாரைப் பஸ்ஸில் ஏற்றுவது? காத்திருந்தோம். சொன்ன நேரம் தாண்டிக் கொஞ்சத்தில் நுரை ஒரு கோடாக உள்ளே நகர்ந்தது. மணல் திட்டில் இருந்தவை எழும்பின. தலைகீழாக விழுந்து, மீனோடு எழுந்து, மறுபடி விழுந்தன. பிள்ளைகள் என் கையைப் பிடித்துக் குதித்தார்கள். அந்த அரைமணி நேரம் எனக்கும் எல்லாம் மறந்துபோனது. பிறகு திரும்பினேன். மன்னார் டீச்சர் பறவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தெரிந்தவள் ஏன் பிந்தி வந்தாள் என்று கணக்குப் போட அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

திங்கட்கிழமை அதிபர் எங்கள் இருவரையும் அழைத்தார். "டீச்சர் நேரத்தக்கூட சரியா சொன்னாங்களாமே, புள்ளைங்க ஒரே புகழ்ச்சி. வகுப்பு ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. நான் தலை குனிந்து காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "நன்றி சேர்" என்றேன்.

வெளியே வந்ததும் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிற்கவில்லை.

"பிள்ளையள் வீட்ட போய் உங்களைப் பற்றித்தான் கதைச்சிருக்குதுகள். அதைக் கெடுக்க மனம் வரேல்ல. உங்களுக்காண்டி எண்டு நினைச்சிடாதேங்கோ."

படியிறங்கிப் போய்விட்டார். வகுப்பு என் கையில் இருந்தது. அப்போதும் அவர் மேல் எனக்குப் பொறாமைதான். ஆலாவைப் பார்க்க ஆசைப்பட்டு நாலு மணிக்கே எழும்பி வந்த முப்பது பிள்ளைகள் அந்தப் பஸ்ஸில் இருந்தார்கள் என்பது, அவர் பிள்ளைகளின் பேச்சை எடுக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.