சின்னவளின் ரிப்போர்ட்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மூன்று மணிக்குத்தான் வேலை. நடுவில் மற்ற ஓட்டுநர்கள் பின்சீட்டில் கால் நீட்டிக் குறட்டை விடுவார்கள். இவருக்குப் பகலில் தூக்கம் வராது. பொழுது போகட்டும் என்று பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி வந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. தெருவில் அவருக்கு 'நாய் டிரைவர்' என்றே பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவர் ரொம்பக் குஷியாகத் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கூரை, கழுவிவிடத் தோதான சிமென்ட் தரை, இரண்டு பெண் நாய்கள். தாய் பெரியவள், மகள் சின்னவள். வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் விடமாட்டார். குட்டி கேட்டு வருகிறவர்களைப் பெண் பார்க்க வந்தவர்களைப் போலக் குடைந்தெடுப்பார். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், மாடிப்படி உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்து, "நம்ம வீட்டுக் குட்டிக்கு நோய்நொடின்னு ஒண்ணு வராது" என்று மார்தட்டிக் கொடுத்தனுப்புவார்.

அந்த மார்தட்டலுக்குத்தான் வந்தது வினை.

ஒரு முற்பகலில் அடுத்த தெருத் தையல்காரம்மா, துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். துரை பெரியவளின் பிள்ளை, சின்னவளோடு ஒரே ஈற்றில் பிறந்தவன். நாலு வயது முடிந்திருந்தது.

"அண்ணே, இவன் சாயங்காலமானா படி இறங்க மாட்டேங்கறான். நேத்து என் தையல் மெஷின்லயே போய் முட்டிக்கிட்டான்."

"கொழுத்துப் போயிருக்கான்மா. வேற ஒண்ணுமில்ல, சோம்பல்."

அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் நோய். மரபணுப் பரிசோதனையிலும் அதுதான் வந்திருந்தது. பிறக்கும்போதே கூட வந்த கோளாறு, மருந்து கிடையாது.

"உங்களைக் குறை சொல்ல வரலைண்ணே. சின்னவ மறுபடியும் சினையா இருக்கான்னு கேள்விப்பட்டேன். சொல்லாம இருந்தா மனசு கேக்காது, அதான் வந்தேன்."

சண்டை போட்டிருந்தால் அவரும் நாலு வார்த்தை பேசியிருப்பார். அவள் இப்படிச் சொன்னதும் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். துரை அவர் செருப்பை மோந்து பார்த்து வாலை ஆட்டினான். அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே சின்னவளைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார்.

"அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ரெண்டும் பழுதா வந்தாத்தான் கண்ணு போகும். துரைக்கு ரெண்டும் வந்திருக்கு. அப்படின்னா பெரியவகிட்ட ஒண்ணு இருக்கு, இவங்களுக்கு அப்பனா வந்த ஆண் நாய்கிட்டயும் ஒண்ணு இருந்திருக்கு. வெளியே தெரியாம சுமந்துக்கிட்டு இருந்திருக்குங்க."

"சின்னவளுக்கு?"

"நாலுல ஒரு பங்கு, துரை மாதிரியே. நாலுல ரெண்டு பங்கு, பெரியவ மாதிரி. நாலுல ஒரு பங்கு, ஒண்ணுமே இல்லாம."

"டாக்டர், இவ பந்தை அந்தரத்துலயே கவ்விப் பிடிப்பா. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு என்னன்னு பந்து சொல்லாது." டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் சின்னவளின் கன்னத்து உள்பக்கத்தைத் தேய்த்து உறையில் போட்டார். ஏதோ தின்னக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துச் சின்னவள் குச்சியைச் சப்பப் பார்த்தாள்.

முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவர் மனிதராகவே இல்லை. வயிற்றில் இருக்கும் குட்டிகள் ஒரு பக்கம், சின்னவளின் முந்தின ஈற்றில் வெளியே போன குட்டிகள் ஒரு பக்கம். பேருந்தில் வாண்டுகள் போடும் கூச்சல்கூடக் காதில் ஏறவில்லை. ஒருநாள் ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டார். பிள்ளைகள் சேர்ந்து கத்தித்தான் வண்டி நின்றது.

"நம்ம பொண்ணு பரீட்சை எழுதினப்பகூட நீங்க இப்படி நடை நடக்கலையே" என்றாள் மனைவி.

"அவ ஃபெயிலானா திருப்பி எழுதலாம்டி."

அன்றிலிருந்து சின்னவளுக்கு மனைவியே சோறு பிசைந்து வைத்தாள்.

பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்னால், பேருந்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் போன் வந்தது.

"சின்னவளுக்கு ரெண்டுமே சுத்தம். அவ பெத்ததுக்கும், பெறப்போறதுக்கும் இந்த நோய் வராது."

"அப்பன் எப்படிப்பட்டவனா இருந்தாலுமா?"

"அப்பன் ஒண்ணு கொடுத்தாலும் சுமக்கத்தான் செய்யும். கண்ணு போகாது. நிம்மதியா இருங்க."

அவர் பேருந்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரத்துணி கையில் இருப்பதை மறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுக்கு அப்பிய முகத்தோடு ஓட்டிய அவரைப் பார்த்து அன்றைக்குப் பிள்ளைகள் இறங்கும்வரை சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

ஆனால் துரையோடு பிறந்தவர்கள் இன்னும் ஆறு பேர் வெளியே இருந்தார்கள். மறுநாள் பழைய நோட்டைத் தேடியெடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். "என்ன பெருமை பேசிக் கொடுத்தீங்க!" அவர் மறுக்கவில்லை. "ஆமாங்க, தெரியாமத்தான் பேசினேன். ஒரு தடவை டெஸ்ட் எடுத்துடுங்க, நானே வந்து கூட்டிப் போறேன்" என்றார். ஆறையும் அவரே அழைத்துப் போனார். அடுத்த மாதத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது. மூன்று ஒரு பழுதைச் சுமக்கின்றன, மூன்று சுத்தம். கண் போகப்போகிறது என்று ஒன்றுக்குக்கூட வரவில்லை. திட்டியவர் தானாகவே போன் செய்து, நாயின் படம் ஒன்றையும் அனுப்பினார்.

தையல்காரம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அப்பாடா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். துரை கட்டிலில் அவள் தலையணைமேல் படுத்திருந்தான்.

"இவன் எப்படிம்மா இருக்கான்?"

"மேஜை நாற்காலியை இடம் மாத்தாம வெச்சிருக்கேன். மனப்பாடமா நடக்கறான். கண்ணுதாண்ணே மங்குது, திமிரு அப்படியே இருக்கு."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து துரையின் காதுமடலை வெகுநேரம் நீவிவிட்டார். இந்தத் தடவை முகத்தைப் பார்க்க முடிந்தது.

சின்னவள் ஒரு விடுமுறை நாளில் ஏழு குட்டி போட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை, தடிமாடு மாதிரி இருந்த மூத்த குட்டிக்கு இமை லேசாகப் பிளந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள்.