மாதிரிக்கு வைத்த பாட்டு

விருத்தாசலத்தில் எங்கள் குழுவின் பாட்டை மெருகேற்றித் தந்த ஸ்டுடியோக்காரர் ஒல்லியான மனிதர். பாட்டைப் போடுமுன் ஒவ்வொரு முறையும், சூளையில் கழித்துவிட்ட பீங்கான் கோப்பையொன்றை நகத்தால் சுண்டுவார். "காது தெளியணுங்க" என்பார். எங்களுக்கென்று ஒரு சத்தம் கிடைக்க மாதக்கணக்கில் அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் டீக்கடையில் திட்டக்குடிக் குழுவின் புதுப் பாட்டு ஓடியது. குரல் அவர்களுடையது. அந்தக் கனமும் மினுமினுப்பும் அப்படியே எங்களுடையவை. நேரே ஸ்டுடியோவுக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

"உங்க பாட்டத்தாங்க சாஃப்ட்வேர்ல மாதிரியா குடுத்தேன். அதே சத்தத்த அவங்க பாட்டுக்கும் கொண்டாந்துடுச்சி" என்றார், ஒளிக்காமல்.

"என்னய ஒரு வார்த்த கேக்கலியேங்க?"

"நல்லா இல்லாத பாட்ட யாருங்க மாதிரிக்கு வெப்பாங்க?"

அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போதெல்லாம் எங்கள் பாட்டைப் போட்டால், அவர்களுடையதைக் கேட்பதுபோலவே இருக்கிறது.