அம்மாவின் ஸ்வெட்டரும் இட்லி மாவும்

பெங்களூரில் மார்கழி வந்தால் மனிதர்களைவிட இட்லி மாவுக்குத்தான் அதிகம் குளிரும். ராத்திரி கரைத்து வைத்த மாவு, காலையில் வைத்தது வைத்தபடியே இருக்கும். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் மட்டும் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. காரணம், அம்மாவின் ஸ்வெட்டர்.

புடவைக்கு மேல் போடுகிற பழுப்பு நிற ஸ்வெட்டர் அது. தீபாவளி மழையில் உடம்பில் ஏறினால் சிவராத்திரிக்குத்தான் இறங்கும். படுக்கப் போகும்முன் மட்டும் அதைக் கழற்றி மாவுக் குண்டானுக்குச் சுற்றி, இரண்டு கைகளையும் இழுத்து முடிச்சுப் போடுவாள். "உனக்குக் குளிராதாம்மா?" என்று கேட்டால், "நான் போர்வைக்குள்ள பூந்துக்குவேன்டி. அதுக்கு யாரு இருக்கா?" என்பாள். காலையில் அதையே உதறிப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா மோப்பம் பிடித்து, "இவத்து இட்லினா?" என்று, இன்றைக்கு இட்லியா என்று கேட்பார். அம்மாவும் கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டு, அங்கேயும் ஒரு தட்டு அனுப்புவாள்.

அம்மா வேலைக்கென்று வெளியே போனவள் இல்லை. யாராவது கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பாள். சும்மாவாம்! அந்தச் சும்மாவில்தான் நான் படித்து ஆளானேன், அப்பா ஃபேக்டரியில் மாற்றி மாற்றி ஷிப்டு பார்த்தார். எந்தக் குளிரிலும் சுடச்சுடத் தின்று வளர்ந்தவள் நான். இதை எழுதும்போதே நன்றியில் நெஞ்சு நிறைந்து போகிறது.

போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து அம்மா போய்விட்டாள். புடவைகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம். ஸ்வெட்டரை மட்டும் அப்பா யாரையும் தொடவிடவில்லை. துவைக்கவும் கூடாதாம். "அவ வாசனை போயிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதோடு சாப்பாட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் போல. இரண்டு வாய் எடுப்பார், போதும் என்று எழுந்துவிடுவார். சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று பயந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் கேட்டு வாங்கிக்கொண்டு அவரோடு வந்து தங்கினேன். என்னதான் வேண்டும் என்று நச்சரித்ததில் ஒருநாள், "இட்லி" என்றார். கடையில் பாக்கெட் மாவு வாங்கி ஊற்றினேன். விண்டு பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று நானே அரைத்தேன். குளிரில் மாவு அசையவே இல்லை. அந்த இட்லியைச் சுவரில் அடித்திருந்தால் சுவர்தான் உடைந்திருக்கும்.

மறுபடியும் அரைத்தேன். குண்டானுக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். "துண்டெல்லாம் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போய், பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து வந்தார்.

"வேணாம்பா, வாசனை போயிடும்" என்றேன்.

அவரே சுற்றினார். கைகளை இழுத்து, அம்மா போடுகிற மாதிரியே முடிச்சும் போட்டார்.

ஆனால் அம்மா பாதிக் குண்டானுக்கு மேல் மாவு ஊற்றமாட்டாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நான் கழுத்துவரை ஊற்றியிருந்தேன். காலையில் பார்த்தால் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, ஸ்வெட்டர் முழுக்க வழிந்து கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மிச்சமிருந்த அம்மாவையும் மாவில் முக்கிவிட்டேனே என்றிருந்தது.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். சொட்டச் சொட்ட ஸ்வெட்டரை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் பாச்சா உருண்டை நாத்தம்தான் அடிச்சுது. இப்பதாம்மா உங்கம்மா வாசனை வருது" என்றார்.

மீசையெல்லாம் மாவு. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது. அடுப்பப் பத்த வை."