விஸ்வநத்தத்து நேர்கோடு

மீட்டர் பார்க்கவா இத்தனை படித்தாய் என்று என் அத்தா இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். மல்லி, மிளகாய் வற்றல் கடைக்காரரான அவருக்கு, கையில் அள்ள முடியாத எதுவும் சரக்கில்லை. அவரிடம் எத்தனை தடவை சொல்வது! ஒரு வீட்டு ஸ்மார்ட் மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டரிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும், தெருமுனைக் கம்பத்துப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கி விருதுநகரில் என் திரைக்கு அனுப்பும். எங்கே தொடர்பு அறுந்தாலும் ஒட்டவைப்பது என் வேலை.

திரையில் ஒவ்வொரு வீடும் ஒரு கோடு. விடியும்போது மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக எழும்பும். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போனதும் எம். புதுப்பட்டி ஊர்க் கோடுகள் மொத்தமும் படுத்துவிடும். டீயை ஆறவிட்டு அதையே பார்த்துக் கிறங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

விஸ்வநத்தத்தில் ஒரு கோடு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரவும் பகலும் ஒரே நேர். மறுநாள் அந்தத் தெரு மீட்டர்களை இங்கிருந்தே பத்து நிமிடம் அணைத்து, கரண்ட்டை நிறுத்திச் சோதிக்கவேண்டும். என்னவோ மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கம் வேலையிலிருந்த எங்கள் ஆபீஸ் சுஃபியானைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

அது ரத்தினசாமி வீடு. முப்பது வருடம் பட்டாசு மருந்து கலந்து நெஞ்சு கெட்டுப்போனவர். இரவும் பகலும் நிற்காத ஆக்சிஜன் மெஷினில்தான் உயிர் ஓடியது. பத்து நிமிடம் அணைத்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். அந்த மீட்டரைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டு, சுஃபியானின் போனில் அவர் மனைவி கருப்பம்மாளிடம் பேசினேன். இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒன்று என்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று பெரிய இவள் மாதிரி சொன்னேன்.

அதற்கப்புறம் நான் அழைக்கவேயில்லை. எதற்கு? கோடுதான் இருக்கிறதே. தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நல்லாயிருக்காரு என்று சொல்லிக்கொள்வேன். முகம் தெரியாத மனிதர்மேல் அப்படி ஒரு பாசம். கட்டிலில் சாய்ந்தபடி அவர் ஜன்னலில் மேகம் பார்ப்பதாகக்கூட நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் மழையில் கம்பத்துப் பெட்டி பழுதாகி, நானே விஸ்வநத்தம் போனேன். வேலை முடிந்ததும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன். உள்ளே மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. குழாயைச் சுருட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். கட்டிலில் யாரும் இல்லை. கருப்பம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

நான் மீட்டர் ஆபீஸ் அப்ரின் என்று சொல்லி, அவர் எங்கே என்று கேட்டேன்.

"அவுக போயி நாப்பது நாளாச்சு தாயி. இந்தச் சத்தம் இல்லேன்னா எனக்கு ஒறக்கம் வரல, அதான் ஓடுது" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன். நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கீகளே."

நாற்பது காலை. நாற்பது தடவை நல்லாயிருக்காரு என்று சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் மெஷினையே பார்த்தேன். மெஷினை நிறுத்திவிட வேண்டுமா என்று அவரே கேட்டார்.

"ஓடட்டும்க்கா" என்றேன். பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.